கம்பெனி பெயரில் மின்சார கார்: காசு யாருடையது?

போசரி, சாக்கண் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் இந்த இரண்டு மூன்று வருடங்களாக என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "சாஹேப், கம்பெனி பேரில் எலெக்ட்ரிக் கார் எடுத்துவிடலாமா? சி.ஏ. நாற்பது பர்சென்ட் என்கிறார்." கோயமுத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் என் சித்தப்பா பையனும் போன வாரம் போனில் இதையேதான் கேட்டான். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் உண்மையிலேயே கம்பெனி வேலைக்கு ஓடும், கம்பெனியிடம் உபரிப் பணமும் இருக்கிறது என்றால் தாராளமாக எடுங்கள். வரி மிச்சமாகும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு போட வேண்டும். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் அந்த நாற்பது. வருமான வரிக் கணக்கில் சாதாரண காருக்கு வருடத் தேய்மானம் 15 சதவீதம். மின்சார வாகனம், காற்றாலை, சூரியத் தகடு வகையறாக்களோடு ஒரே பட்டியலில் இருக்கிறது. அதற்கு ஒரு காலத்தில் 80 சதவீதம் இருந்தது. 2017-18 நிதியாண்டு முதல் 40 சதவீதம். நிறைய பேர் இதை ஏதோ காரின் விலையில் நாற்பது சதவீதம் தள்ளுபடி மாதிரி நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது தள்ளுபடி அல்ல, செலவுக் கணக்கு. லாபத்திலிருந்து அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். உங்களுக்கு மிச்சமாவது அந்தத் தொகைக்கான வரி மட்டும்.

கார் விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கிறது. சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்தால் 25.168 சதவீதம். முதல் வருடத் தேய்மானம் 6 லட்சம், இரண்டாம் வருடம் மீதி 9 லட்சத்தில் 3.60 லட்சம், மூன்றாம் வருடம் 2.16 லட்சம். மொத்தம் 11.76 லட்சம். இதனால் மூன்று வருடத்தில் மிச்சமாகும் வரி 2,95,976 ரூபாய். அதே விலைக்குப் பெட்ரோல் கார் எடுத்திருந்தால் இதில் பாதிதான், சுமார் 1.46 லட்சம். (மார்ச் மாதம் அவசர அவசரமாக கார் எடுப்பவர்கள் கவனிக்க: அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் முதல் வருடம் பாதித் தேய்மானம்தான்.)

சலுகை அதோடு நிற்கவில்லை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைத்து, பெரிய கார்களுக்கு 40 என்று மாற்றியபோதும் மின்காரின் 5-ஐத் தொடவில்லை. இங்கே மகாராஷ்டிரத்தில் இன்னொரு விசேஷம். சாதாரண காரைக் கம்பெனி பெயரில் பதிந்தால் சாலை வரி 20 சதவீதம். தனிநபரின் பெட்ரோல் காருக்கு விலையைப் பொறுத்து 11 முதல் 13. ஆனால் 2021-இல் வந்த மின்வாகனக் கொள்கையும், அதற்குப் பின் 2025-இல் வந்ததும் மின்காருக்குச் சாலை வரியில் விலக்கு கொடுத்தன. கம்பெனி பெயரில் கார் எடுக்கிறவர்களுக்கு இங்கே மின்கார் மேல் திடீர்ப் பாசம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் சொந்த உபயோகம். கம்பெனி காரில் டைரக்டர் பெண்டாட்டி பிள்ளைகளோடு லோணாவளா போய் வந்தால் அது அவருக்குக் கிடைத்த சம்பளச் சலுகை; அதற்கு அவர் வரி கட்ட வேண்டும். கம்பெனி என்பது ஒரு தனி நபர், அதற்கு ஏது சொந்த உபயோகம் என்று கேட்டு, கம்பெனியின் கார் செலவில் கைவைக்கக் கூடாது என்றது குஜராத் உயர் நீதிமன்றம், 2002-ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த சயாஜி அயர்ன் வழக்கில். ஆகவே கேள்வி டைரக்டர் பக்கம்தான் வரும். ஆனால் அந்தச் சலுகையின் மதிப்பு பல வருடங்களாக மிகக் குறைவாகவே இருந்தது. 1962-ஆம் வருட விதிகளின்படி 2025-26 நிதியாண்டு வரை, இன்ஜின் 1.6 லிட்டருக்குள் என்றால் மாதம் 1800 ரூபாய், அதற்கு மேல் 2400, டிரைவர் இருந்தால் இன்னொரு 900. இன்ஜினே இல்லாத காருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் அந்த விதியில் பதில் கிடையாது :-) அதிகபட்சமாகவே வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 39,600 ரூபாய் வருமானம் கூடும், 31.2 சதவீதத்தில் வரி 12,355 ரூபாய். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1-லிருந்து என்பதால், இனி எடுப்பவர்கள் பழைய தொகையை நம்பாமல் புதிய விதியில் இருக்கும் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு "வேண்டாம்" என்றால் எப்படி என்கிறீர்களா? சலுகை பொய் என்று நான் சொல்லவே இல்லை. அந்த 15 லட்சத்தைச் சம்பளமாக எடுத்துச் சொந்தப் பெயரில் கார் வாங்குவதாக இருந்தால், 30 சதவீத வரம்பில் இருப்பவர் ஏறக்குறைய 21.80 லட்சம் சம்பளம் எடுத்தால்தான் வரி போக 15 லட்சம் கைக்கு வரும். கம்பெனி பெயரில் எடுப்பதன் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. நாற்பது சதவீதத்தில் இல்லை.

இப்போது சி.ஏ. சொல்லாமல் விட்ட பகுதி. அல்லது அவர் சொல்லி, நீங்கள் காதில் வாங்காத பகுதி.

ஒன்று, கட்டிய 5 சதவீத ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்க முடியாது. டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. டாக்ஸி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், கார் விற்பவர் போன்றவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. லேத் பட்டறைக்கு இல்லை. மின்கார் என்பதால் இதில் எந்தத் தளர்வும் கிடையாது.

இரண்டு, விற்கும்போது. மூன்று வருடம் கழித்து அந்தக் காரை 7 லட்சத்துக்கு விற்கிறீர்கள். கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு 3.24 லட்சம்தான், ஏனென்றால் மீதியைத் தேய்மானமாகச் சாப்பிட்டுவிட்டோம். வித்தியாசம் 3.76 லட்சம். அதே 40 சதவீதத் தொகுதியில் வேறு சொத்து எதுவும் இல்லையென்றால் அந்த 3.76 லட்சம் குறுகிய கால மூலதன ஆதாயம். வரி சுமார் 94,632. அதோடு முடியவில்லை. 2025 ஜனவரியிலிருந்து, ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர் பழைய காரை விற்றால், மின்காரானாலும் சரி, லாப வித்தியாசத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தேய்மானம் எடுத்தவருக்கு வித்தியாசம் என்பது, விற்ற விலைக்கும் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள இடைவெளி. அதே 3.76 லட்சம். 18 சதவீதம் 67,680 ரூபாய். வீட்டுக் காரை விற்கும் சாதாரண ஆளுக்கு இது கிடையாது.

கூட்டிப் பாருங்கள். 2,95,976 மிச்சம் பிடித்தோம். போகும்போது 1,62,312 திரும்பிப் போய்விட்டது. நிற்பது 1,33,664. வேகமாகத் தேய்த்தால் வேகமாக வரி மிச்சமாகும், பிறகு விற்கும்போது வேகமாகத் திரும்பிப் போகும். தேய்மானம் நமக்குக் கொடுப்பது பெரும்பாலும் கால அவகாசம்தான். அவகாசத்துக்கும் மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை வெகுமானம் என்று நினைத்துக் கடன் வாங்கக் கூடாது.

மூன்று, லாபமே இல்லாத கம்பெனிக்குத் தேய்மானத்தால் இந்த வருடம் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. பின்னால் வரும் வருடங்களுக்கு எடுத்துப் போகலாம், சரி. ஆனால் மாதத் தவணையை எடுத்துப் போக முடியாது. அது ஐந்தாம் தேதி வந்து நிற்கும்.

பி.காம். படித்தவர்களுக்குக் கம்பெனிச் சட்ட வகுப்பில் முதல் பாடமே 1897-ஆம் வருட சாலமன் வழக்குதான். லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த ஒருவர் தன் கடையையே கம்பெனியாக்கினார். ஏறத்தாழ எல்லாப் பங்கும் அவர் கையில். இருந்தும் கம்பெனி வேறு, அவர் வேறு என்று தீர்ப்பு. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்கிறோம், தொழில் தொடங்கியதும் மறந்துவிடுகிறோம். "என் கம்பெனி, என் காசு" என்று தினமும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து யாராவது சொல்கிறார்கள். கம்பெனி உங்களுடையதுதான். அதன் காசு உங்களுடையது இல்லை. கம்பெனியிலிருந்து கடனாக எடுத்துச் சொந்தப் பெயரில் கார் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் சட்டம் வழி அடைத்து வைத்திருக்கிறது. பத்து சதவீத ஓட்டுரிமை உள்ள பங்குதாரருக்குத் தனியார் கம்பெனி கொடுக்கும் கடனை, சேர்த்து வைத்த லாபம் இருக்கும் அளவுக்கு, டிவிடெண்ட் என்றே கருதி வரி போடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கஷ்டம் வந்தால் மட்டும் கம்பெனியும் நீங்களும் ஒன்றாகிவிடுவீர்கள். சின்னக் கம்பெனிக்கு கார் கடன் கொடுக்கும் எந்த வங்கியும் டைரக்டரின் தனிநபர் உத்தரவாதம் கேட்கும். நாங்களும் கேட்போம். கார் கம்பெனியின் சொத்து, கடன் மட்டும் உங்கள் தலையிலும். வண்டி கம்பெனி பெயரில் இருந்தால், இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பும் கிடையாது. கம்பெனியால் ஸ்டியரிங் பிடிக்க முடியாதே. ஓட்டப் போவது நீங்கள் என்றால் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜாப் ஒர்க் கம்பெனி. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளி தங்கமான மனிதர், வேலை தெரிந்தவர். காருக்கு முன்பணம் நான்கு லட்சத்தைக் கேஷ் கிரெடிட் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார். கேஷ் கிரெடிட் எதற்கு? இரும்பு வாங்க, கூலி கொடுக்க. மூன்று மாதத்தில் திரும்பி வரவேண்டிய பணத்தை ஏழு வருடம் ஓடும் பொருளில் போட்டாயிற்று. அடுத்த மாதமே பெரிய வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பில் தள்ளிப்போனது. லிமிட் முழுக்கத் தீர்ந்துவிட்டது. அந்த மாதம் பதினான்கு பேருக்கும் சம்பளம் பதினெட்டு நாள் தாமதம். கார் என்னவோ அருமையான கார்தான், சத்தமே இல்லாமல் வாசலில் நின்றது. உள்ளே மெஷினும் சத்தமில்லாமல் நின்றது. அவர் பிறகு சமாளித்து வந்துவிட்டார். ஆனால் நல்ல வெல்டர் ஒருவர் அந்தப் பதினெட்டு நாளில் பக்கத்துப் பட்டறைக்குப் போனவர் போனவர்தான். எந்தத் தேய்மானப் பட்டியலிலும் அதற்குச் சதவீதம் கிடையாது.

ஆகவே என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற கேள்விகள் இவை:

1. கடந்த இரண்டு வருடம் கம்பெனி வரி கட்டியிருக்கிறதா? கட்டாத வரியை மிச்சம் பிடிக்க முடியாது.

2. முன்பணம் எங்கிருந்து? கேஷ் கிரெடிட் என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுவேன்.

3. பெரிய பில் ஒன்று மூன்று மாதம் தள்ளிப்போனால் முதலில் எதைக் கட்டுவீர்கள், சம்பளமா, தவணையா?

4. கார் மாதத்தில் எத்தனை நாள் கம்பெனி வேலைக்கு ஓடும்? தேதி, போன இடம், கிலோமீட்டர் எழுதிய லாக் புக் வைப்பீர்களா?

5. எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? மூன்று வருடத்தில் மாற்றுகிற ஆள் என்றால் மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். ஏழெட்டு வருடம் ஓட்டுகிற ஆள் என்றால், மின்காரின் ஓட்டச் செலவு குறைவு என்பதாலேயே உங்களுக்கு லாபம்.

இந்த ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொன்னவர்களுக்கு நானே கடன் சிபாரிசு செய்திருக்கிறேன். அவர்கள் யாரும் "நாற்பது பர்சென்ட்" என்று ஆரம்பிக்கவில்லை. "தினம் எண்பது கிலோமீட்டர் சுற்றுகிறேன், பெட்ரோல் கட்டுப்படி ஆகவில்லை" என்று ஆரம்பித்தார்கள். சித்தப்பா பையனிடமும் இதைத்தான் சொன்னேன். முதல் கேள்வியிலேயே "அண்ணே, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து, நான் வேலை பார்க்கும் வங்கியின் கருத்து அல்ல. வாடிக்கையாளர் அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். காருக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வாங்கும் கணக்கை மட்டும் கேட்காமல், விற்கும் கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.