கை விரைவு எங்கே பிறக்கின்றது?

‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ போன்ற கணினி விளையாட்டுக்களில் தோற்ற பிள்ளைகள், விலைகூடிய மவுஸ் ஒன்று வாங்கித் தரும்படி பெற்றோரை நச்சரிக்கின்றனர். 2000ஆம் ஆண்டில் வெளியான அவ்விளையாட்டிலே, சில துப்பாக்கிகளுக்குத் தலையில் ஒரே குண்டு போதும். எதிரி மூலையில் தோன்றியதும் மவுஸைச் சட்டென வீசிச் சுடுபவனே பிழைப்பான். ஆயினும் அவ்விரைவு கடையில் விற்கும் பொருளன்று.

அமெரிக்க உளவியலறிஞர் போல் ஃபிற்ஸ் 1954இல் ஒரு விதியை வகுத்தார். கை செல்லவேண்டிய தூரம் கூடினாலும், இலக்குச் சிறுத்தாலும், குறியை அடையும் நேரம் கூடும். கணினியை எண்ணி அவர் இதைக் கூறினாரல்லர். கையிற் கோலைக் கொடுத்து, இரு தகடுகளை மாறிமாறித் தொடுவித்தே கண்டார். எதிரியின் தலையை நாம் பெரிதாக்க இயலாது; தூரத்தையோ குறைக்கலாம். மூலையை அணுகும்போதே, திரைநடுக் குறியைத் தலை உயரத்தில், அவன் வெளிப்படக்கூடிய இடத்தருகே வைத்திருங்கள். பிறகு வீச வேண்டியது விரற்கடைத் தூரமே. (நிலத்தைக் குறிபார்த்து நடப்போரே பெரும்பாலார்!)

மவுஸின் வேகத்தை நாள்தோறும் மாற்றாதீர்கள். விரைந்து அசைத்தால் கூடுதலாக ஓடச்செய்யும் விண்டோஸ் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். இன்றேல் ஒரே தூரக் கையசைவு வெவ்வேறிடங்களிற் போய் நிற்கும். பயிற்சியில், குறி தப்பாத அளவுக்கு மெதுவாகத் தொடங்கி, நாட்செல்ல வேகத்தைக் கூட்டுங்கள். மணிக்கட்டு நொந்தால் அன்றே நிறுத்துங்கள். பரீட்சை எழுதுவதும் அதே கைதானே!