சோக் இல்லாட்டிலும் ஸ்ராட் வரும்



சென்ற மாதம் பேசாலைப் பக்கம் வீட்டுத் தரிசிப்புக்குப் போயிருந்தேன். அங்கே நாற்பது வயதைத் தாண்டிய ஒரு சகோதரி இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். கணவர் விட்டுப்போன சொத்து ஒரு பழைய எம்.டி.90 மோட்டார் சைக்கிள்தான். விடியற்காலையில் கரைக்குப் போய், ஏலத்தில் மீன் எடுத்து, ரெஜிபோம் பெட்டியில் கட்டி, ஊர் ஊராக விற்றுத்தான் குடும்பத்தைப் பார்க்கிறார்.

"மிஸ், எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். அதை எழுப்பத்தான் தெரியாது" என்றார்.

சோக் கம்பி அறுந்து வருடக்கணக்காகிவிட்டதாம். ஒவ்வொரு விடியற்காலையும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தம்பி, ஒருக்கா ஸ்ராட் பண்ணித் தாறியா?" என்று கேட்க வேண்டியிருந்தது. தம்பி எழும்பப் பிந்தினால் கரையில் மீன் முடிந்துவிடும். அன்றைக்கு உழைப்பில்லை, கடன் தவணையும் இல்லை. அதைவிட, "இருட்டோடு இவள் ஏன் அந்த வீட்டுக்குப் போகிறாள்?" என்ற கதை வேறு. அந்தக் கதைதான் அவரை அதிகம் வருத்தியது.

எனக்கு என் அப்பாவின் ஞாபகம் வந்தது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்கு முந்திய காலம். நாங்கள் அப்போது விடத்தல்தீவில் இருந்தோம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காது. வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. அப்பா ஒரு சின்ன மருந்துக் குப்பியில் பெற்றோல் வைத்திருப்பார். காபரேற்றருக்குச் சில துளி விட்டு உதைப்பார். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒழுங்கை முழுவதும் வெள்ளைப் புகை நிற்கும்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? இயந்திரத்துக்குள் எரிவது எண்ணெய் அல்ல, எண்ணெயின் ஆவி. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை சூடானால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் குளிரிலும் ஆவி விடும். ஆனால் இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது பெற்றோலும் குறைவாகவே ஆவியாகும். அந்த நேரத்தில் காற்றைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சோக் செய்கிற வேலை அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் காபரேற்றரின் மேல் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் எண்ணெய் நிரம்பி வழியும். அதுவும் இதே வேலைதான்.

அன்று முற்றத்தில் இருவரும் செய்து பார்த்ததை உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். திறப்பைப் போட வேண்டாம். காற்று உள்ளே போகும் வாயை, மடித்த தடித்த துணியால் முக்கால்வாசி மூடிப் பிடியுங்கள். துணி உள்ளே இழுபடக் கூடாது. அக்சிலேற்றரைத் தொடாமல் மூன்று நான்கு தரம் மெதுவாக உதையுங்கள். பிறகு திறப்பைப் போட்டு, அக்சிலேற்றரைக் கொஞ்சமாகத் திருகி, கிக்கரை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் உதையுங்கள். பிடித்தவுடன் துணியை எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்ட பின்பே புறப்படுங்கள்.

பெற்றோல் மணம் பலமாக வந்தால் எண்ணெய் கூடிவிட்டது. துணியை எடுத்து, அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து சில தரம் உதையுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் துடைத்துக் காயவிட்டுப் பூட்டுங்கள். காய்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை, குழாயையும் ரியூப்பையும் பாருங்கள். நமது கரையோரத்து உப்புக் காற்றில் பிளக் வயரின் முனையும் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை துடைத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அப்பா செய்ததுபோல் பெற்றோலைக் கையால் ஊற்றாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். அது வேறு வழியில்லாத காலத்து வேலை. விளக்கு, அடுப்பு இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். சேலைத் தலைப்பையும் கூந்தலையும் கட்டிக்கொள்ளுங்கள். வசதி வந்ததும் கராஜில் புதிய சோக் கம்பி போடுவதே நல்லது.

முதல் நாள் அந்தச் சகோதரி பதினொரு தரம் உதைத்தார். கால் நொந்து திண்ணையில் இருந்துவிட்டார். நான் உதைத்துக் கொடுக்கலாம் என்று எழும்பினேன். "வேண்டாம் மிஸ், நீங்களும் நாளைக்கு இருக்க மாட்டீங்கள்தானே" என்றார். அந்தச் சொல் எனக்குச் சுட்டது. பேசாமல் இருந்துவிட்டேன். பன்னிரண்டாவது உதைக்கு இயந்திரம் பிடித்தது. வேலியோரம் நின்ற கழுதைகள் மிரண்டு ஓடின. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. ராங்கில் கையை வைத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

உதவி செய்யப் போகும் எங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு மோட்டார் சைக்கிளோ, தண்ணீர் இறைக்கும் மெசினோ யாராவது வந்து எழுப்பித் தருவார்கள் என்று காத்துக் கிடக்கலாம். இந்த மாதம் அதன் அருகில் போய் இருங்கள். தெரிந்தவரிடம், "எழுப்பித் தாருங்கோ" என்று கேட்காமல், "எப்படி எழுப்புறது என்று காட்டித் தாருங்கோ" என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.