களஞ்சியத்துப் பகைவன்

விதையையும் உரத்தையும் பற்றிப் பேசாத விவசாய மகாநாடு அரிது. அறுத்த தானியம் பிறகு என்னவாகிறது என்று கேட்கும் மகாநாடு அதனினும் அரிது. கதிர் வீடு வந்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று சர்க்கார்கள் எண்ணிவிடுகின்றன. இவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா தக்க சாட்சியாகும்.

அங்கே மக்காச்சோளமே ஏழைகளின் பிரதான உணவு. சிறு குடியானவர்கள் கதிர்களை உதிர்க்காமலே பரணிலும் களஞ்சியத்திலும் வைத்து மறு விளைச்சல் வரை உண்டு வந்தனர். கூன்வண்டு அரித்ததுண்டு, எனினும் அந்த நஷ்டம் தாங்கத் தக்கதாயிருந்தது. 1970களின் பிற்பகுதியில், மெக்ஸிகோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் உரிய துளைவண்டு ஒன்று அந்நாட்டில் புகுந்தது. 1981இல் தபோரா பிரதேசத்தில் அது இன்னதென்று தெரியவந்தது. ஜனங்கள் அதை ‘டுமுசி’ என்றனர். கதிரைக் குடைந்து மாவாக்கும் இவ்வண்டினால், சில வீடுகளில் ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு தானியம் அழிந்தது.

நஷ்டம் எடையோடு நிற்பதன்று. வண்டுக்கு அஞ்சுகிறவன், விலை மலிந்திருக்கும் அறுவடைக் காலத்திலேயே விற்றுவிடுகிறான்; பிறகு பஞ்ச மாதங்களில் அதே தானியத்தை அதிக விலை கொடுத்து வாங்குகிறான். இருப்பைக் காக்க இயலாதவனுக்குச் சந்தையில் பேரம் பேசும் சக்தி ஏது?

பரிகாரங்கள் இல்லாமலில்லை. கூன்வண்டைக் கொல்லும் மருந்துக்கு டுமுசி எளிதில் மடிவதில்லை. ஆதலால் இருவகை மருந்து சேர்ந்த தூளை நிபுணர்கள் சிபார்சு செய்தனர். கதிரின் உட்புறத்தில் தூள் படாதாகையால் மணிகளை உதிர்த்தே கலக்க வேண்டும். அறுவடைக் களைப்போடு அனைத்தையும் ஒருசேர உதிர்ப்பது குடும்பத்துக்குப் பெரும்பாடு. கடைக்காரன் தரும் தூள் கலப்படமாயின் அப்பாடும் வீண். டுமுசியைத் தின்னும் வேறொரு வண்டை 1991இல் டோகோவிலும் 1992இல் கென்யாவிலும் விட்டுப் பார்த்தனர். காட்டு மரங்களிலும் வாழவல்ல பகையை அதனால் மட்டும் ஒழித்துவிட முடியவில்லை.

மருந்தே வேண்டாத வழியும் உண்டு. பிளாஸ்டிக் உறைகள் இரண்டை நெய்த சாக்கு ஒன்றினுள் வைத்து, நன்றாய்க் காய்ந்த மணிகளை நிரப்பிக் காற்றுப் புகாதபடி இறுகக் கட்டினால், உள்ளே உள்ள பிராணவாயுவை வண்டுகளே சுவாசித்துத் தீர்த்துவிடும். பின்னர் அவை தின்னவும் பெருகவும் இயலாமல் மடியும். காய்ந்ததா என்றறியச் சிறிது உலர்ந்த உப்பே போதும். மணிகளோடு உப்பைக் கண்ணாடிப் புட்டியிலிட்டுக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தபின், உப்பு புட்டியில் ஒட்டினால் ஈரம் மிகுதி; மீண்டும் உலர்த்த வேண்டும். உறையில் துளை விழாமலும், எலி அணுகாமலும் காப்பது அவசியம்.

இச்சாக்கு சாதாரணச் சாக்கினும் விலை அதிகம் என்பர். மெய்தான். ஆனால் அதைப் பல பருவங்களுக்கு உபயோகிக்கலாம். முதலில் வாங்கக் கையில் பணமில்லை என்பதே குடியானவனின் இடர். விதைக்குக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கங்கள் சாக்குக்கும் கடன் தரட்டும். விதைப்பின்போது வரும் விவசாய அதிகாரி அறுவடைக்குப் பின்னரும் ஒருமுறை வரட்டும். வயலில் விளைவிப்பது பாதி விவசாயமே. விளைந்ததை உழைத்தவனே உண்ணவும், தான் விரும்பிய நாளில் விற்கவும் செய்வது மற்றப் பாதி. அப்பாதியைக் கைவிடும் எந்தச் சர்க்காரும் குடியானவனின் நண்பன் என்று சொல்லிக்கொள்ள அருகதையற்றது என்பதே நமது அபிப்பிராயம்.