சனம் சரியில்லையாம்!

எங்கள் நாட்டில் விசாரணைக்குழு கூடாமல், ஒரு சாட்சியையும் கேட்காமல் கொடுக்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு: "சனம் சரியில்லை." மைதானத்தில் கதிரை உடைந்ததா? சனம் சரியில்லை. டிக்கெட் வாங்கியவர் வாசலில் நின்றபடியே வீடு திரும்பினாரா? சனம் முண்டியடித்தது. ரயிலில் ஆசனம் கிடைக்கவில்லையா? சனம் கூடிப்போச்சு. அக்குறணை டவுனில் பிளேன்டீ குடிப்பவரும் பாராளுமன்றத்தில் கோப்பி குடிப்பவரும், ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் முரண்படாமல் ஒத்துப்போகும் விடயம் இது ஒன்றுதான். தீர்ப்புக்கு ஒரு வாலும் இருக்கும்: "வெளிநாட்டில பாருங்க, எவ்வளவு ஒழுங்கா நிக்கிறாங்க."

இந்த நம்பிக்கை பொய். அதுவும் சிலருக்கு மிகவும் வசதியான பொய்.

எங்கள் அக்குறணை டவுனின் நடுவால் போகும் ஏ9 வீதியில் வடக்கே போய்க்கொண்டேயிருந்தால் வருவது யாழ்ப்பாணம். அங்கே முற்றவெளியில் 2024 பெப்ரவரி 9ஆம் திகதி ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. தமன்னாவும் வருகிறார் என்று விளம்பரம். வெள்ளமாய்ச் சனம் வந்தது. தடுப்புகள் சரிந்தன, கதிரைகள் நொறுங்கின, ஏறக்கூடாத இடங்களிலெல்லாம் ஆட்கள் ஏறினார்கள், நிகழ்ச்சி இடையில் நின்று பிறகு தொடர்ந்தது. மறுநாள் விடியுமுன்பே தீர்ப்பு தயார்: யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கெட்டுப் போய்விட்டார்கள்.

மைதானம் எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. காசு கொடுத்தவர்களுக்கு முன்னால் கதிரை. இலவசமாக வந்தவர்களுக்குப் பின்னால் நிற்க இடம். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு. நுழைவு இலவசம் என்று அறிவித்துவிட்டால் வரப்போகும் தலைகளை எண்ண யாராலும் முடியாது. பின்னால் நிற்பவருக்கு மேடை ஒரு வெளிச்சப் புள்ளி. அவருக்கு முன்னால் காலிக் கதிரை ஒன்று தெரிந்தாலும் போதும், தடுப்பின் ஆயுள் முடிந்தது. கதிரையை உடைத்தவனைக் காப்பாற்ற நான் வரவில்லை. அவனைப் பிடித்துத் தண்டியுங்கள். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் தள்ளப்படும்படி மைதானத்தை வரைந்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா?

காசு கொடுக்காத சனம் என்பதால்தான் அப்படி ஆனது என்று சிலர் சொல்லலாம். அவர்களைச் சென்னைக்கு அழைக்கிறேன். 2023 ஓகஸ்ட் 12ஆம் திகதி நடக்கவிருந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10ஆம் திகதி பனையூரில் நடந்தது. வந்தவர்கள் காசை எண்ணி வைத்தவர்கள். குடும்பத்தோடு, நல்ல உடுப்பு உடுத்து வந்தவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். பிள்ளைகள் நெரிசலில் அழுதார்கள். பெண்கள் மோசமான அனுபவங்களைச் சொன்னார்கள். கொள்ளளவை மீறிக் கூட்டம் சேர்ந்ததைக் கடைசியில் ஏற்பாட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ரஹ்மானும் பழியை ஏற்று, உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட்டின் பிரதியை அனுப்பச் சொன்னார். சனத்தைத் திட்டாமல் ஒருவர் தன் பக்கம் பிழை என்று சொன்னது அபூர்வம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

இனி எங்கள் பக்கம் வருவோம். வருடா வருடம் கண்டியில் எசல பெரஹரா நடக்கிறது. பணம் உள்ளவர்களுக்குக் கட்டிடங்களின் முன்னால் விலைக்குக் கதிரை. மற்றவர்களுக்கு நடைபாதை. பகலிலேயே பொலித்தீன் விரித்து, சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் குழந்தையுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். டிக்கெட் இல்லை, இருக்கை இலக்கம் இல்லை. பொலிஸ்காரர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யானைகள் போகின்றன, சாட்டை வீச்சு, தீப்பந்தம், மேளம் எல்லாம் கை எட்டும் தூரத்தில் போகின்றன. கயிறு அறுவதில்லை. இந்தச் சனம் எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்திலிருந்தா? மாத்தளையிலிருந்தும் குருநாகலிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வந்த அதே சனம்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், பெரஹராவுக்கு வந்தவருக்கு எல்லாம் தெரியும். பீரங்கி வேட்டு எப்போது என்று தெரியும். எந்த வீதி வழியாக வரும் என்று தெரியும். நேரத்தோடு வந்து பிடித்த இடத்தை வேறொருவர் வந்து பறிக்கமாட்டார் என்று தெரியும். உட்கார்ந்திருந்தால் கிடைக்கும் என்று நம்புகிறவர் எழுந்து ஓடுவதில்லை. நின்றால் கிடைக்காது, ஓடினால் கிடைக்கலாம் என்று அனுபவம் சொல்லிக்கொடுத்தால் பெரிய ஹாஜியாரும் ஓடுவார், பேராதனைப் பேராசிரியரும் ஓடுவார்.

2022ஐ மறந்துவிட்டோமா? காஸ் சிலிண்டர்களை வரிசையாக வைத்துச் சங்கிலி கோத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். பெற்றோல் வரிசையில் இரவும் பகலும் கிடந்தோம். வரிசையிலேயே சிலர் உயிரை விட்டார்கள். சண்டைகள் நடந்தன, மறுக்கவில்லை. அப்படியும் பக்கத்து வாகனக்காரருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அவர் தூங்க இவர் வண்டியைத் தள்ளி நகர்த்திய நாட்கள் அவை. அந்த ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அட்டை வந்தது. கியூஆர் குறியீடு ஒன்று, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. சில வாரங்களில் மைல் கணக்கான வரிசை கரைந்தது. அந்தச் சில வாரங்களில் இரண்டு கோடிப் பேருக்கும் திடீரென்று ஒழுக்கம் வந்துவிட்டதா என்ன? தன் பங்கு தனக்கு உண்டு என்ற உறுதி வந்தது, அவ்வளவுதான்.

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை தலதா மாளிகையில் புனித தந்த தாதுவைப் பொதுமக்கள் தரிசிக்க இடமளித்தார்கள். 2009க்குப் பிறகு முதன்முறை. இலட்சக்கணக்கானோர் கண்டியில் குவிந்தார்கள். வெயிலிலும் மழையிலும் ஒரு நாளுக்கு மேலாக வரிசையில் நின்றவர்கள் உண்டு, களைத்து விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. இனி வராதீர்கள் என்று பொலிஸார் கேட்கும் நிலை வந்தது. கண்டி முஸ்லிம்கள் பள்ளிவாசல்களைத் திறந்து இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். அத்தனை பேர் அத்தனை நேரம் நின்றார்கள், நகரத்தை உடைக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரால் உள்ளே போக முடியும் என்ற எளிய கணக்கை முன்கூட்டியே போட்டு, நாள் பிரித்து, மாவட்டம் பிரித்துச் சீட்டுக் கொடுத்திருந்தால் நின்றவர்களின் கால் வீங்கியிருக்காது. பிழை நின்றவர்களிடம் இல்லை.

"வெளிநாட்டில பாருங்க" என்பவர்களுக்கு ஷெஃபீல்டைக் காட்டுகிறேன். வரிசையில் நிற்பதற்கே பெயர்போன இங்கிலாந்து. 1989 ஏப்ரல் 15, ஹில்ஸ்பரோ மைதானம், உதைபந்தாட்ட அரையிறுதி. கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நசுங்கி இறந்தவர்கள் கடைசிக் கணக்கில் 97 பேர். ரசிகர்கள் குடித்துவிட்டு வந்து முண்டியடித்தார்கள் என்று பொலிஸ் தரப்பு சொன்னது, பத்திரிகை அச்சடித்தது, நாடு நம்பியது. இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயவில்லை. 2016இல், 27 வருடங்களுக்குப் பிறகு, மரண விசாரணை நடுவர் குழு சொன்னது: அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை காரணமில்லை. கூட்டத்தைக் கையாள வேண்டியவர்களின் தவறு அது. சனம் சரியில்லை என்ற தீர்ப்பு எவ்வளவு காலம் உண்மையை மூடி வைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அட, கூட்டமே இல்லாத இடத்துக்கு வாருங்கள். கண்டியிலிருந்து எல்ல போகும் ரயிலுக்கு இணையத்தில் ஆசனம் பதிவு செய்ய முயன்றவர்களுக்குத் தெரியும். திறந்து 42 விநாடியில் முடிந்துவிட்டது என்ற முறைப்பாடு 2025 ஆரம்பத்தில் பெரிதாக வெடித்து, குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கி, கைதுகளும் நடந்தன. அந்த 42 விநாடியில் எந்தச் சனம் முண்டியடித்தது? யார் யாரைத் தள்ளினார்கள்? ஒவ்வொருவரும் தன் வீட்டில், தன் போனைப் பார்த்துக்கொண்டு மிக ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மும்பையில் கோல்ட்ப்ளே நிகழ்ச்சிக்கு 2024 செப்டம்பரில் டிக்கெட் விற்றபோதும் இதே கதை. சில நிமிடங்களில் தீர்ந்த டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலையில் முளைத்தன. கூட்டம் இல்லாத இடத்திலும் டிக்கெட் காணாமல் போகிறது என்றால் கள்ளன் வேறு எங்கோ இருக்கிறான்.

சனம் வராவிட்டாலும் குற்றம்தான். 2023இல் ஆசியக் கிண்ண ஆட்டங்கள் பல்லேகலைக்கு வந்தபோது, டிக்கெட் விலையைப் பார்த்து எங்கள் பக்கத்துக் கிரிக்கெட் பைத்தியங்கள் பலர் தொலைக்காட்சியோடு நின்றுவிட்டார்கள். பிறகு கொழும்பு ஆட்டங்களுக்கு விலையைக் குறைக்க வேண்டி வந்தது.

இந்தப் பொய் யாருக்கு வசதி என்று கேட்டால், முதலில் விற்பவருக்கு, அடுத்து அரசியல்வாதிக்கு. அரசியல்வாதி டிக்கெட் வாங்குவதில்லை. அவருக்கு அழைப்பிதழ் வரும். பக்கவாட்டு வாசல், முன்வரிசை சோபா, மாலை, பொன்னாடை. பிரதம அதிதி வரும்வரை குர்ஆன் கிராஅத்கூட ஓதாமல் மண்டபமே காத்திருக்கும் விழாக்களை எங்களூரில் பார்க்காதவர் இல்லை. இரண்டு மணி நேரம் பிந்தி வந்து, ஒலிவாங்கியைப் பிடித்து, நேரத்தின் அருமை பற்றி மாணவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார். இப்படி வாழ்பவருக்கு வரிசையின் பின்னால் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

2015 டிசம்பர் 20ஆம் திகதி கொழும்பில் என்ரிக் இக்லேசியஸ் பாடினார். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வந்தவர்கள் ஏற்பாட்டைப் பற்றி முறையிட்டார்கள். அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் கொதித்தார். எதற்கு? பெண்கள் சிலர் மேடையேறிப் பாடகரை முத்தமிட்டார்களாம், உள்ளாடையைக் கழற்றி எறிந்தார்களாம். ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்றார். அடிக்க வேண்டிய ஆளை ஏறக்குறையச் சரியாகத்தான் கண்டுபிடித்தார், பாவம்; குற்றப்பத்திரிகைதான் மாறிப்போனது. நாட்டின் தலைவருக்குப் பெரிதாகப் பட்டது உள்ளாடைதான், இருக்கை அல்ல. இதே ஜனாதிபதி 2018இல் தேசிய விமானத்தில் தந்த கஜு சரியில்லை என்று பொதுமேடையில் பொரிந்து தள்ளினார். விமான நிறுவனம் உடனே நடவடிக்கை எடுத்தது. தன் வாயில் பட்ட குறைக்கு எவ்வளவு விரைவான நிவாரணம்!

சென்னையிலும் பாருங்கள். ரஹ்மான் நிகழ்ச்சியன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் முதலமைச்சரின் வாகனத் தொடரும் சிக்கியதாகச் செய்தி வந்தது. அதன் பிறகு பொலிஸ் அதிகாரிகள் இடமாற்றப்பட்டார்கள். தலைவரின் கார் சிக்காத நெரிசல்களுக்கு இந்த வேகத்தில் யார் பொறுப்புக் கேட்டார்கள்?

அதிகாரம் இல்லை என்று எங்கள் உள்ளூராட்சி மன்றங்கள் சொல்லவே முடியாது. 1946ஆம் ஆண்டின் களியாட்ட வரிக் கட்டளைச் சட்டம் அவற்றின் கையில் இருக்கிறது. காசுக்கு நடக்கும் நிகழ்ச்சியின் டிக்கெட்டுக்கு வரி அறவிடுவது அவைதான். வரியை எண்ணத் தெரிந்தவர்களுக்குத் தலையை எண்ணத் தெரியாதா? இந்த மைதானத்துக்கு இத்தனை பேர்தான், அதற்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்கக்கூடாது என்று வரி வாங்கும் மேசையிலேயே சொல்லலாம். வெளியேறும் வாசல் எத்தனை என்று கேட்கலாம். சொல்லாமல், கேட்காமல், மறுநாள் சனத்துக்குக் கலாசார வகுப்பு எடுக்கிறார்கள்.

பிங்கா ஓயா பெருகி அக்குறணை டவுன் தண்ணீரில் நிற்கும்போதும் இதே பாட்டுத்தான். ஓயாவை நெருக்கிக் கட்டியது சனமாம். கட்டியது உண்மை. வரைபடத்துக்கு ஒப்பமிட்டவர், கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டவர், திறப்பு விழாவில் நாடா வெட்டியவர் எல்லாம் சனத்தில் சேர்த்தியா?

எங்களூரில் இசைக் கச்சேரியே கூடாது என்பவர்கள் உண்டு. அவர்களோடு இங்கே எனக்கு வழக்கு இல்லை. கச்சேரியோ கிரிக்கெட்டோ ரயிலோ, காசு வாங்கினால் இடம் கொடுக்க வேண்டும் என்பதில் அவர்களும் என்னோடு சேர்ந்து நிற்பார்கள்.

அடுத்த முறை கண்டியிலோ பல்லேகலையிலோ ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கும்போது, காசை நீட்டுமுன் கேளுங்கள்: இருக்கை இலக்கம் எது, மொத்தம் எத்தனை டிக்கெட் விற்கிறீர்கள், நிகழ்ச்சி நடக்காவிட்டால் காசை யார் திருப்பித் தருவார்? பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், கடைசியாகத் தன் சொந்தக் காசில் எதற்கு டிக்கெட் வாங்கினார் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.