பூவுக்குப் பெயர்ப்பலகை இருக்கு, லயத்துக்கு இலக்கம் இல்லை

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவைப் பிடிக்க முடியாது. பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, விக்டோரியா பூங்கா வாசலில் நீண்ட வரிசை. நானுஓயா ரோட்டில் வான்கள் நகராமல் நிற்கும். புத்தாண்டு லீவுக்குக் கொழும்பில் பாதி இங்கேதான் வந்துவிட்டதோ என்று தோன்றும். கெம்பஸில் ஊர்ப் பெயரைச் சொன்னாலே, "ஆ, பூப் பார்க்கப் போற இடம்தானே!" என்பார்கள். எங்களுக்கும் அது பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமையில் எங்கள் ஆட்களுக்கு என்ன பங்கு?

இந்த வசந்த காலம் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டு கட்டியது. ஹக்கல தோட்டம் 1861இல் சிங்கோனா பயிரிடத்தான் ஆரம்பமானது. வாவியை 1873இல் ஆளுநர் கிரகரி அமைத்தார். பூங்காவுக்கு 1897இல் மகாராணியின் பெயர். பெயர்கள் எல்லாம் இன்றைக்கும் பலகைகளில் இருக்கின்றன. குழி வெட்டினவர்களுக்கும் மண் சுமந்தவர்களுக்கும் எங்கேயும் பலகை இல்லை. இன்றைக்கும் விடியற்காலையில் பாத்திகளில் குனிந்து களை பிடுங்குகிறவர்கள் எங்கள் வீட்டுப் பெண்கள்தான். போட்டோவில் பூ மட்டும்தான் விழும்.

அழகு என்றாலே நல்லது என்றும் நாங்கள் நம்பவில்லை. ஹோர்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் கோர்ஸ் என்ற முள்செடியும் வெள்ளைக்காரர் காலத்தில் வந்ததுதான். இப்போது உள்ளூர்ப் புல்வெளியை அது விழுங்குகிறது, பிடுங்கி முடியவில்லை. அதே சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல்லும், பல வருஷத்துக்கு ஒருதரம் பூக்கும் நெலுவும் இந்த மலையின் சொந்தப் பூக்கள். மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவற்றைத் தெரியும்?

பூவுக்கு அடுத்தபடியாக இப்போது பாதை. பெக்கோ ட்ரெயில், 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் மேல். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. நல்ல முயற்சி, நாங்களும் கொஞ்சத் தூரம் நடந்திருக்கிறோம். அந்தப் பாதையின் பெரும்பகுதி எங்கள் பாட்டன்மார் வெட்டிய பழைய தோட்டத்து ரோடுதான். வரைபடத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் இருக்கிறது. அதே பாதையோரத்து லயத்துக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் போகும். அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. எங்களில் ஒருவருக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்தது, பரீட்சை முடிந்து நாலாம் நாள். வெளிநாட்டுப் பயணி போனைப் பார்த்துக்கொண்டு சரியாக வந்து சேரும் இடத்துக்குத் தபால்காரர் வருவதில்லை என்றால் அது என்ன நியாயம்?

"சுற்றுலா வந்தா எல்லாருக்கும் காசுதானே" என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். வழியில் தேத்தண்ணிக் கடை போட்டவர்கள் இருக்கிறார்கள், வழிகாட்டியாகப் போகும் பெடியன்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு அறையைத் திருத்தி விருந்தினருக்கு விடவேண்டும் என்றால் வீடு சொந்தப் பெயரில் இருக்கவேண்டும். உறுதி இல்லாமல் பாங்கில் கடன் கேட்க ஏலாது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். ஏழு பேர்ச் காணிப் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. கிடைத்தவர்கள் சிலர், காத்திருப்பவர்கள் பலர். ஆகவே லாபம் ஏற்கெனவே காணி உள்ளவர்களிடம் போகிறது. லயத்துக்காரர் பாதையோரத்தில் நின்று கைகாட்டுகிறார்.

பூவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. நாங்கள் கேட்பது மூன்று. ஒன்று, ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை, மனம்தான் வேண்டும். இரண்டு, காணி உறுதி. அது இல்லாமல் சுற்றுலா வருமானத்தில் பங்கு என்பது வெறும் பேச்சு. மூன்று, ஏப்ரல் விழாவில் இந்த மக்களின் வரலாற்றுக்கும் ஒரு இடம். 2023இல் மலையகத்தின் இருநூறு வருஷத்தை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஆட்கள் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் எங்கள் ஆட்கள் காட்டு வழியே நடந்து, பலர் செத்தும் விழுந்த பாதை அது. பெக்கோ ட்ரெயிலில் நடக்கிறவர்களுக்கு அந்த முதல் நடையைப் பற்றியும் தெரியவேண்டும், மூன்று மொழியிலும்.

அடுத்த ஏப்ரலில் நீங்களும் வாருங்கள், பூவைப் பாருங்கள், படம் எடுங்கள். பாதையில் சந்திக்கும் அம்மாவைப் படம் எடுக்க முன்னம் பெயரைக் கேளுங்கள். அந்தப் படத்தை அவருக்கு அனுப்ப முகவரியும் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டபிறகு, நாங்கள் சொல்வது சரியா பிழையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.