ஒரு வயலுக்கு ஓர் எண் போதாது

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே செல்லானத்திலும், காயலுக்கு அப்பால் கடமக்குடி, ஏழிக்கரைப் பகுதிகளிலும் பொக்காளி வயல்கள் உள்ளன. நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இறால் வளர்ப்பு; பின்னர் நெல். கோடையில் உப்பேறிய மண்ணை உழவர்கள் ஏறத்தாழ அரை மீட்டர் உயரக் குவியல்களாக்குவர். பருவமழை குவியலின் உச்சியிலுள்ள உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். அந்நீர் மதகு வழியே வெளியேற்றப்படும். உப்புக் குறைந்த உச்சியில் முளைகட்டிய விதையை விதைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் குவியலைக் கலைத்து, நாற்றை மண்ணோடு வயலில் பரப்புவர்.

அரை மீட்டர் சரிவிலேயே உப்பு இவ்வாறு இடம் மாறுகிறது. மேட்டிலிருந்து பள்ளம்வரை நீளும் நிலத்தில் இம்மாற்றம் இன்னும் பெரிது. மேட்டில் ஊறும் மழைநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு நிலத்தடியே நகர்ந்து, சரிவு தணியும் இடத்தில் மேற்பரப்பை நெருங்குகிறது. அங்கே நீர் ஆவியாகிவிட, உப்புத் தங்கிவிடுகிறது.

சோடியத்தின் இயல்போ வேறு. கரைந்த உப்பு நீரோடு போய்விடும். சோடியம் களிமண் துகளைப் பற்றிக்கொள்ளும். உப்பு மட்டும் கழுவப்பட்டுச் சோடியம் எஞ்சினால், அத்துகள்கள் சிதறி மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். பிறகு நீர் கீழிறங்காது. உவர் நிலம், களர் நிலம் என்று தமிழில் இரண்டு பெயர்கள் வழங்குவது இதனால்தான். உவருக்கு நன்னீரும் வடிகாலும் மருந்து. களருக்கோ முதலில் ஜிப்சம் இட்டு, அதன் கால்சியத்தால் சோடியத்தைப் பெயர்த்தெடுத்த பின்னரே நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும்.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்திற்கு 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரிக்கு 10 ஹெக்டேருக்கு ஒன்று என மாதிரி எடுக்க வகுக்கப்பட்டது. அதன் 12 அளவீடுகளில் மின்கடத்துதிறன் உண்டு, சோடியம் இல்லை. கார அமிலநிலை உயர்ந்திருந்தால் களரை ஊகிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் பொக்காளி போன்ற அமில மண்ணில் அவ்வூகமும் கைகொடுக்காது. மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலந்து பெறும் சராசரி இரண்டிற்கும் பொருந்தாது. அதை நம்பி விதைத்து, முளைப்பின்றி இழப்பவர் பள்ளத்தில் பயிரிடுபவரே.

எல்லா இடத்திலும் சோடியம் அளப்பது செலவு மிகுந்தது என்பர். எல்லா இடத்திலும் அளக்க வேண்டியதில்லை. சரிவான நிலத்தில் மேடு, நடு, அடி என மூன்று மாதிரிகளைத் தனித்தனியே எடுக்கட்டும். மழைக்கு முன்னும் பின்னும் எடுக்கட்டும். மழை பெய்தும் நீர் வடியாத இடத்தில் மட்டும் சோடியத்தை அளக்கட்டும். மாதிரி எடுத்த இடமும் மாதமும் அட்டையில் எழுதப்படட்டும். பொக்காளி உழவர் தம் குவியலின் உச்சியையும் அடியையும் ஒன்றாகக் கருதுவதில்லை. நம் ஆய்வகங்களும் கருதலாகாது.