சான்றிதழுக்கு மதிப்பளிப்பவர் யார்?

சென்ற மாதம் சங்கப் பணி நிமித்தம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் சென்றிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு தேறிய தம் மகள் பெற்ற இரண்டு குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ்களை ஒரு தாயார் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். "இதைக் கையில் வாங்கிப் பார்ப்பாரில்லையே, ஐயா!" என்றார். அன்று நம்மால் விடை கூற இயலவில்லை. இங்கே கூற முயல்கிறோம்.

பட்டம் இல்லாமை ஒரு குறையன்று. கூட்டுறவு மேலாண்மைப் பட்டயம் பல்கலைக்கழகப் பட்டமன்று. ஆயினும் பட்டதாரிகள் பலரும் அதைத் தேடிச் சேர்கின்றனர். சங்கப் பணிக்குக் கூட்டுறவுப் பயிற்சி அவசியமென விதி இருப்பதே காரணம். நகை மதிப்பீட்டுப் பயிற்சியும் அத்தகையதே. போலி நகைக்குக் கடன் கொடுத்த சங்கம் நஷ்டமடையும். ஆதலால் உரைகல்லை அறிந்தவரை அது நாடுகிறது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குவோருக்கும் உரிய சான்றிதழ் வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? அச்சும் முத்திரையும் சான்றிதழுக்கு மதிப்பைத் தரா. வேலை கொடுப்போர் அதைக் கேட்டால்தான் மதிப்பு உண்டு. அவர்கள் கேட்க வேண்டுமாயின், தேர்வு நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். கற்பித்தவரே தேர்வாளராகவும் இருந்து அனைவரையும் தேறச் செய்தால், திறமையுள்ளவரின் தாளும் மதிப்பிழக்கும். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு அகில இந்தியத் தேர்வு வைத்திருப்பதன் பயன் இதுவே.

நெசவாளர் நிலையோ இதற்கு நேர்மாறானது. அருப்புக்கோட்டைத் தறிகளில் பாவு பிணைக்கவும், இழை அறுந்த இடத்தை விரலால் உணரவும் வல்லவர் பலர். அவர்களிடம் தாள் இல்லை. முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை 2015ஆம் ஆண்டின் பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற்றது. 2017இல் ஜவுளித் தொழிலுக்கென ஏற்பட்ட சமர்த் திட்டம் கைத்தறியையும் உள்ளடக்கியது. ஆனால், சான்றிதழ் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே கூலியாயின், யார் ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டுத் தேர்வுக்குச் செல்வார்?

வேலை கொடுப்போரும் நாமே, வேலை செய்வோரும் நாமே என்பது கூட்டுறவின் தனிச் சிறப்பு. ஆகவே முதலடியை நம் சங்கங்களே எடுத்து வைக்கலாம். பயிற்சி தொடங்குமுன், தேறியவருக்கு எந்த ரகம், எவ்வளவு கூலி எனப் பேரவையில் தீர்மானம் செய்க. தேர்வைத் தறியிலேயே நடத்துக. நெய்த துணியை வேறொரு சங்கத்தின் அனுபவசாலி ஆராயட்டும். விவசாயச் சங்கங்களும் தெளிப்புப் பணிக்கு ஆள் தேடும்போது, சான்றிதழ் பெற்ற உள்ளூர் இளைஞருக்கே முதலிடம் தரலாம்.

சரக்குத் தேங்கிக் கிடக்கும் சங்கம் கூடுதல் கூலி தர இயலுமா எனச் சிலர் வினவலாம். நியாயமான கேள்வி. அச்சங்கம் வாக்களிக்க வேண்டா. பயிற்சிக்கு ஆள் சேர்க்கவும் வேண்டா. வேலை தர இயலாத இடத்தில் சான்றிதழ் மட்டும் வழங்குவது, இளைஞரின் ஆறு மாதத்தை வீணாக்குவதாகும்.

அந்தத் தாயாரின் பெட்டியில் மூன்றாவது தாள் ஒன்று சேருமாயின், அது கூலியோடு வரும் தாளாக இருக்கட்டும்.